வீட்டுக்குள்ளேயே ஃபைல் காப்பி ஆக 3 மணி நேரமா? நெட் பிளானை மாத்துறதுக்கு முன்னாடி இந்த ஒரு எண்ணைப் பாருங்க!

கேபிள் போட்டும் வேகம் வரவில்லையா? 18 நிமிடத்தில் முடிய வேண்டிய வேலை 3 மணி நேரம் இழுப்பது ஏன்? ஒவ்வொரு படியாகக் கண்டுபிடிப்பது எப்படி? முழு விவரம் இதோ.

கார்த்திகை மாதம் வந்துவிட்டால் திருவண்ணாமலையில் தீபத் திருவிழா, கல்யாண முகூர்த்தம், பருவமழை மூன்றும் ஒன்றாக வரும். போட்டோ, வீடியோ எடுப்பவர்களுக்குத் தூக்கமே இருக்காது. கலெக்டர் ஆபீஸ் இருக்கும் வேங்கிக்காலில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கீழே சின்னதாக ஒரு ஸ்டூடியோ, மேல்மாடியில் எடிட்டிங் கம்ப்யூட்டர். இரண்டுக்கும் நடுவே சன்ஷேட் வழியாக ஒரு லேன் கேபிள்.

ராத்திரி 11 மணிக்கு ரிசப்ஷன் முடிந்து கார்டோடு வருகிறார்கள். உள்ளே இருப்பது 120 ஜிபி வீடியோ. கீழே இருக்கும் லேப்டாப்பில் கார்டைப் போட்டு, மேலே இருக்கும் கம்ப்யூட்டருக்கு காப்பி கொடுத்தால், திரையில் 'இன்னும் 3 மணி நேரம்' என்று வருகிறது. விடியற்காலை 4 மணிக்கு அடுத்த முகூர்த்தத்துக்குக் கிளம்ப வேண்டும். அதே கார்டு காலியாக வேண்டும்.

இந்த நேரத்தில் அவசரப்பட்டு காப்பி முழுசாக முடிந்ததா என்று பார்க்காமல் கார்டை ஃபார்மட் பண்ணிவிட்டால்? ஒரு குடும்பத்தின் கல்யாணமே போய்விடும். தாலி கட்டும் காட்சியை இன்னொரு முறை எடுக்க முடியாது. அதனால்தான் இது வெறும் 'ஸ்லோ' பிரச்னை இல்லை.

ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்கு மட்டுமல்ல. வீட்டில் இருந்தே வேலை பார்ப்பவர்கள், குடும்ப போட்டோக்களை பேக்கப் எடுப்பவர்கள், சிசிடிவி பதிவை இன்னொரு கம்ப்யூட்டருக்கு மாற்றுபவர்கள் என எல்லோருக்கும் இதே கதைதான்.

இன்டர்நெட் பிளானுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

இல்லை. நிறைய பேர் தடுமாறும் இடமே இதுதான். ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு இடையே போகும் ஃபைல், வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை. கீழே இருக்கும் லேப்டாப்பில் கிளம்பி, கேபிள் வழியாக ரவுட்டருக்கோ சுவிட்ச்சுக்கோ போய், அங்கிருந்து மேலே போய்விடும்.

அதனால் 100 எம்பிபிஎஸ் பிளானை 300 ஆக்கினாலும் இந்த காப்பி வேகம் ஒரு துளிகூட ஏறாது. வீட்டில் நெட் கட் ஆகி இருந்தாலும் இந்த காப்பி நடக்கும். ஒரு விதிவிலக்கு உண்டு. கூகுள் டிரைவ் போன்ற கிளவுட் சேவை வழியாக அனுப்பினால் ஃபைல் வெளியே போய்த் திரும்பி வரும். அப்போது பிளான் வேகம் முக்கியம்.

முதலில் ஒரு சின்ன கணக்கு

இன்டர்நெட், லேன் கேபிள் எல்லாம் வேகத்தை 'மெகாபிட்' கணக்கில் சொல்லும். கம்ப்யூட்டரில் காப்பி ஆகும்போது திரை காட்டுவது 'மெகாபைட்' கணக்கு. 8 பிட் சேர்ந்தால் 1 பைட். அதனால் 100 மெகாபிட் என்றால் 12.5 மெகாபைட்தான். வழியில் ஆகும் சேதாரத்தைக் கழித்தால் கைக்கு வருவது நொடிக்கு 11 முதல் 12 மெகாபைட்.

1,000 மெகாபிட், அதாவது ஜிகாபிட் என்றால் கணக்குப்படி 125 மெகாபைட். நடைமுறையில் 110 முதல் 118 வரை வரும்.

120 ஜிபி கார்டுக்கு இதை வைத்துப் பார்த்தால்:

- ஜிகாபிட் வேகத்தில்: சுமார் 18 நிமிடம்
- நொடிக்கு 35 மெகாபைட் வேகத்தில்: கிட்டத்தட்ட 1 மணி நேரம்
- 100 மெகாபிட் வேகத்தில்: கிட்டத்தட்ட 3 மணி நேரம்
- 10 மெகாபிட் வேகத்தில்: ஒரு நாளுக்கும் மேல்

அந்த ஒரு எண் எது?

காப்பி ஓடும்போது விண்டோஸ் திரையில் 'மோர் டீடெய்ல்ஸ்' என்பதைத் தட்டினால் வேகம் தெரியும். முதல் சில விநாடிகளில் வரும் எண்ணை நம்ப வேண்டாம். ஒரு நிமிடம் ஓட விட்டு, அது எங்கே நிலைக்கிறது என்று பாருங்கள். சோதனைக்கு ஒரே ஒரு பெரிய வீடியோ ஃபைலைப் பயன்படுத்துங்கள். நிலைக்கும் எண்ணே பாதி பதிலைச் சொல்லிவிடும்.

- 1 மெகாபைட்டை ஒட்டி: இணைப்பு 10 மெகாபிட்டுக்கு இறங்கியிருக்கலாம், அல்லது கேபிள் மிக மோசமாக இருக்கலாம்.
- 11 முதல் 12: இணைப்பு 100 மெகாபிட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறது. வேங்கிக்கால் வீட்டின் 3 மணி நேரக் கதை இதுதான்.
- 30 முதல் 40: பழைய யுஎஸ்பி 2.0 எங்கேயோ நடுவில் இருக்கிறது.
- 80 முதல் 100: நெட்வொர்க் நன்றாகவே இருக்கிறது, ஹார்ட் டிஸ்க்தான் எல்லை.
- 110க்கு மேல்: ஜிகாபிட் முழு வேகம். சரி செய்ய ஒன்றுமில்லை.
- வேகமாக ஆரம்பித்து பாதியில் படுத்துவிடுகிறது: எழுதப்படும் டிஸ்க் மூச்சு வாங்குகிறது.
- ஏறி இறங்கி, அடிக்கடி பூஜ்யத்தைத் தொடுகிறது: கேபிளில் கோளாறு, அல்லது வை-ஃபை நடுவில் இருக்கிறது.

படி 1: உண்மையிலேயே கேபிளில்தான் போகிறதா?

லேப்டாப்பில் கேபிளும் செருகி இருக்கும், வை-ஃபையும் ஆனில் இருக்கும். கேபிள் சரியாகப் பொருந்தவில்லை என்றால் லேப்டாப் சத்தமில்லாமல் வை-ஃபை வழியாகவே அனுப்பிக்கொண்டிருக்கும். இரண்டு கம்ப்யூட்டரிலும் வை-ஃபையை ஆஃப் செய்துவிட்டு மறுபடி காப்பி கொடுங்கள். இணைப்பே அறுந்துவிட்டால் விஷயம் புரிந்துவிடும். இவ்வளவு நேரம் கேபிள் சும்மா தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

படி 2: லிங்க் ஸ்பீட் பாருங்க

விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ் போய், 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', அதற்குள் 'ஈதர்நெட்' தட்டினால் 'லிங்க் ஸ்பீட்' என்ற வரி இருக்கும். 1000/1000 என்று இருந்தால் ஜிகாபிட். 100/100 என்று இருந்தால் குற்றவாளி இந்தப் பக்கம்தான்.

இரண்டு கம்ப்யூட்டரிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் 1000, மறுபக்கம் 100 என்றால் மொத்த வேகமும் 100தான். குறுகின தெருவில் வந்து சேரும் வண்டி அந்தத் தெருவின் வேகத்தில்தான் போகும்.

படி 3: 8 கம்பியில் ஒன்று போனாலும்...

லேன் கேபிளுக்குள் மொத்தம் 8 கம்பிகள், 4 ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். 100 மெகாபிட் வேகத்துக்கு அதில் 2 ஜோடி போதும். பிளக்கில் 1, 2, 3, 6 ஆகிய இடங்களில் வரும் கம்பிகள்தான் வேலை செய்யும். ஆனால் செம்புக் கேபிளில் ஜிகாபிட் ஓட 8 கம்பியும் வேண்டும். 1999ல் வந்த தரநிலையே அப்படித்தான் வகுக்கப்பட்டது.

இப்போது யோசித்துப் பாருங்கள். 4, 5, 7, 8 ஆகிய இடங்களில் ஒரே ஒரு கம்பி அறுந்தாலோ, கிரிம்ப் சரியாக விழாமல் போனாலோ, பெரும்பாலும் இணைப்பு அறுந்து போகாது. கருவிகள் தாமாகவே 100க்கு இறங்கிக்கொள்ளும். யூடியூப் ஓடும், வாட்ஸ்அப் ஓடும், மீட்டிங்கும் நடக்கும். யாருக்கும் சந்தேகமே வராது. பெரிய ஃபைலை அனுப்பும் ராத்திரிதான் குட்டு வெளிப்படும்.

நம் வீடுகளில் கம்பி கெட்டுப்போக வழிகள் நிறைய:

- ஜன்னல் கதவில் நசுங்குவது, மூலையில் கூர்மையாக மடங்குவது
- சன்ஷேடிலும் மொட்டை மாடியிலும் வெயில் பட்டு மேலுறை வெடித்து உள்ளே தண்ணீர் இறங்குவது
- எலி, அணில் கடிப்பது, மலையடிவாரப் பகுதிகளில் குரங்கு இழுப்பது
- பிளக்கின் சின்ன நாக்கு உடைந்து, போர்ட்டில் லூசாக நிற்பது
- ஒரே கேபிளை நாலு நாலு கம்பியாகப் பிரித்து இரண்டு இணைப்பு கொடுத்திருப்பது

கடைசியாகச் சொன்னது முக்கியம். சிசிடிவிக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு ஒன்று என்று ஒரே கேபிளைப் பங்கு போட்டிருந்தால், எந்த ரவுட்டர் வாங்கினாலும் 100க்கு மேல் போகாது.

இன்னொன்று, விலை மலிவான கேபிள்களில் சிலவற்றில் உள்ளே இருப்பது சுத்தச் செம்பு இல்லை. அலுமினியத்தின் மேல் செம்பு முலாம். எளிதில் முறியும், நீளம் கூடக் கூட சிக்னல் பலவீனமாகும். கடையில் 'கேட் 5இ' அல்லது 'கேட் 6', முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். வீட்டு தூரத்துக்கு இரண்டுமே ஜிகாபிட் தாங்கும். தரநிலைப்படி 100 மீட்டர் வரை இழுக்கலாம்.

பிளக்கை மாற்றி கிரிம்ப் பண்ணச் சொன்னால் இந்த வரிசையைச் சரிபாருங்கள்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். இரண்டு முனையிலும் ஒரே வரிசை இருக்கணும். 'எட்டும் எட்டுக்கு நேரா இருந்தா போதும், கலர் எதுவா இருந்தா என்ன?' என்று சிலர் சொல்வார்கள். போதாது. எந்தக் கம்பி எதோடு முறுக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் இரைச்சலைத் தடுக்கிறது. ஜோடி மாறினால் டெஸ்டரில் எல்லா லைட்டும் எரியும், ஆனால் வேகம் வராது.

படி 4: ரவுட்டர் போர்ட்டைத் திருப்பிப் பாருங்க

நெட் கம்பெனி கொடுத்த பெட்டியில் நாலு லேன் போர்ட் இருக்கும். நாலும் ஒரே வேகம் என்று நினைக்க வேண்டாம். சில மாடல்களில் ஒன்று மட்டும் ஜிகாபிட், மற்றவை 100. சிலவற்றில் எல்லாமே 100. போர்ட் பக்கத்தில் 'ஜிஇ' என்று இருந்தால் ஜிகாபிட், 'எஃப்இ' என்று இருந்தால் 100. ஒன்றும் எழுதவில்லை என்றால் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் போட்டு கூகுளில் தேடினால் தெரிந்துவிடும்.

போர்ட் 100 என்றால் ரவுட்டரையே தூக்கிப் போட வேண்டியதில்லை. 5 போர்ட் ஜிகாபிட் சுவிட்ச் ஒன்று வாங்கி வையுங்கள். ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலையிலேயே கிடைக்கிறது. வாங்கும்போது பெட்டியில் 10/100/1000 என்று இருக்கிறதா என்று பாருங்கள். 10/100 மட்டும் இருந்தால் அதே பழைய கதைதான்.

இரண்டு கம்ப்யூட்டர் கேபிளையும் சுவிட்ச்சில் செருகி, சுவிட்ச்சில் இருந்து ஒரு கேபிளை ரவுட்டருக்குக் கொடுத்தால் போதும். கம்ப்யூட்டர்களுக்கு இடையே போகும் ஃபைல் சுவிட்ச்சோடு திரும்பிவிடும், ரவுட்டர் பக்கமே போகாது.

படி 5: பாதி பாதியாகப் பிரித்துச் சோதிப்பது எப்படி?

எது கெட்டது என்று தெரியாமல் ஒவ்வொன்றாக வாங்கி மாற்றினால் காசுதான் கரையும். அதற்குப் பதில் இப்படிச் செய்யுங்கள்.

மேலே இருக்கும் கம்ப்யூட்டரைக் கீழே கொண்டுவந்து, அல்லது இன்னொரு லேப்டாப்பை எடுத்து, இரண்டையும் சுவிட்ச் பக்கத்தில் வைத்து, இரண்டு புது சின்ன கேபிளில் இணையுங்கள். வேகம் 110ஐத் தொட்டால், சுவரில் ஓடும் நீளக் கேபிள்தான் குற்றவாளி. அப்போதும் 11லேயே நின்றால் போர்ட்டோ, கம்ப்யூட்டரில் இருக்கும் நெட்வொர்க் கார்டோதான் காரணம். போர்ட்டை மாற்றி, கம்ப்யூட்டரை மாற்றிப் பார்த்தால் இரண்டு சோதனையில் விடை கிடைத்துவிடும்.

ஒரு சோதனைக்கு ஒரு மாற்றம் மட்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்று கடைசி வரை தெரியாது.

'ஐபெர்ஃப் 3' என்ற இலவச மென்பொருளும் உதவும். இது டிஸ்க்கைத் தொடாமல் நெட்வொர்க்கை மட்டும் அளக்கும். இதில் 940 மெகாபிட்டை ஒட்டி வந்தும் காப்பி மெதுவாக இருந்தால், கேபிளையும் ரவுட்டரையும் விட்டுவிட்டு டிஸ்க்கைப் பார்க்கலாம்.

படி 6: லேன் சரி, டிஸ்க் சரியா?

இந்த உதாரணத்தில் ஃபைல் முதலில் கார்டிலிருந்து கார்டு ரீடருக்கும், அங்கிருந்து லேப்டாப்புக்கும் வர வேண்டும். ரீடர் யுஎஸ்பி 2.0 என்றால் அங்கேயே 30 முதல் 40 மெகாபைட்டில் நின்றுவிடும். யுஎஸ்பி 3 ரீடரை, யுஎஸ்பி 3 போர்ட்டில் செருகினால்தான் பலன். உள்ளே நீல நிறம் இருக்கும் போர்ட் பெரும்பாலும் யுஎஸ்பி 3.

எழுதும் பக்கத்திலும் சிக்கல் வரும். சில ஹார்ட் டிஸ்க்குகள் ஓடு வேய்வதுபோல ஒரு தடத்தின் மேல் இன்னொன்று படியுமாறு எழுதும். கொஞ்ச நேரம் வேகமாக எழுதிவிட்டு, பெரிய காப்பி வந்தால் திணறும். விலை குறைந்த எஸ்எஸ்டி, பென் டிரைவ் போன்றவையும் அப்படித்தான். முதலில் இருக்கும் வேகமான பகுதி நிறைந்ததும் படுத்துவிடும். காப்பி ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கம் பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்க, ஈதர்நெட் வரைபடம் தாழ்வாக இருந்தால் டிஸ்க்தான் காரணம்.

ரவுட்டரின் யுஎஸ்பி போர்ட்டில் ஹார்ட் டிஸ்க் செருகி எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் வீடுகளும் உண்டு. வசதிதான், ஆனால் ரவுட்டருக்குள் இருக்கும் சின்ன பிராசஸர் பெரிய வேலைக்குத் தாங்காது. அதில் ஜிகாபிட் வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

படி 7: ஒரு பெரிய வீடியோ வேகம், 10,000 போட்டோ மெதுவா... ஏன்?

இது கோளாறு இல்லை. ஒவ்வொரு ஃபைலையும் திறந்து, பெயர் எழுதி, மூடி, அடுத்ததுக்குப் போக நேரம் ஆகும். ஒரே மூட்டையாக ஏற்றுவதற்கும் ஒவ்வொரு தேங்காயாக ஏற்றுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். சின்ன ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் ஒரே ஜிப் ஃபைலாகக் கட்டி அனுப்பலாம். விண்டோஸிலேயே இருக்கும் 'ரோபோகாப்பி' கட்டளையில் பல ஃபைல்களை ஒரே நேரத்தில் அனுப்பும் வசதியும் உண்டு.

படி 8: செட்டிங்ஸில் கை வைத்தீங்களா?

நெட்வொர்க் கார்டின் அமைப்பில் 'ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸ்' என்று ஒன்று இருக்கும். அது 'ஆட்டோ நெகோசியேஷன்' என்றே இருக்கட்டும். எப்போதோ யாரோ 100 என்று கையால் மாற்றி வைத்திருந்தால் அது அப்படியே நின்றுவிடும். ஒரு பக்கம் ஆட்டோ, மறுபக்கம் கையால் வைத்தது என்றால், இரண்டும் ஒத்துப்போகாமல் வேகம் பாதாளத்துக்குப் போகும். கேபிளும் போர்ட்டும் சரியாக இருந்தும் 100 காட்டினால், கம்ப்யூட்டர் தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில் இருந்து நெட்வொர்க் டிரைவரைப் புதுப்பித்துப் பாருங்கள்.

மழைக்காலத்தில் கூடுதல் கவனம்

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. பக்கத்தில் இடி விழுந்தால் வெளியே ஓடும் செம்புக் கேபிள் வழியாக மின் அதிர்ச்சி உள்ளே வந்து போர்ட்டைக் கெடுக்கலாம். இடி மழைக்குப் பிறகு திடீரென வேகம் குறைந்தால், அந்தப் போர்ட்டை விட்டு வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். இடி ஆரம்பிக்கும் முன்பே வெளிக் கேபிளைக் கழற்றி வைப்பது நல்லது. கடைக்கும் வீட்டுக்கும் தனித்தனிக் கட்டடம் என்றால் நடுவில் ஃபைபர் கேபிள் போடுவது பாதுகாப்பு. அதில் மின்சாரம் பாயாது.

லேன் கேபிளை கரண்ட் வயரோடு ஒரே பைப்பில் இழுக்கவும் கூடாது. வேகத்தை விட உயிருக்கே ஆபத்து.

இன்னைக்கு ராத்திரியே வேலை முடியணும்னா?

கேபிளை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். கார்டையும் ரீடரையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், எடிட்டிங் கம்ப்யூட்டரிலேயே நேரடியாகச் செருகுங்கள். லேன் என்ற பேச்சே இல்லை. யுஎஸ்பி 3 ரீடரும் நல்ல கார்டும் என்றால் பெரும்பாலும் 3 மணி நேரம் காத்திருக்க வேண்டி வராது.

ஆனால் எவ்வளவு அவசரம் இருந்தாலும் இந்த நாலு விஷயம் முக்கியம்:

1. 'கட்-பேஸ்ட்' வேண்டாம், 'காப்பி-பேஸ்ட்' மட்டும். நடுவில் கரண்ட் போனாலும் கார்டில் அசல் பத்திரமாக இருக்கும்.
2. காப்பி முடிந்ததும் இரண்டு பக்கமும் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' பாருங்கள். ஃபைல் எண்ணிக்கையும் மொத்த அளவும் பைட் கணக்கில் ஒன்றாக இருக்க வேண்டும்.
3. முதல் ஃபைல், நடுவில் ஒன்று, கடைசி ஃபைல் மூன்றையும் ஓட விட்டுப் பாருங்கள்.
4. இன்னொரு டிஸ்க்கில் இரண்டாவது பிரதி எடுத்த பிறகே கார்டை ஃபார்மட் செய்யுங்கள். நேரம் இல்லை என்றால், அந்தக் கார்டை அப்படியே எடுத்து வைத்துவிட்டு வேறு கார்டோடு கிளம்புங்கள்.

சுருக்கமாக...

வேகம் 11ல் நின்றால் லிங்க் ஸ்பீட் பாருங்கள். அது 100 என்றால் கேபிள், பிளக், போர்ட் என்ற வரிசையில் சோதியுங்கள். லிங்க் 1000 காட்டியும் வேகம் வரவில்லை என்றால் வை-ஃபை, டிஸ்க், கார்டு ரீடர் பக்கம் திரும்புங்கள். நெட் கம்பெனிக்கு போன் போடுவதும், பெரிய பிளானுக்கு மாறுவதும் இந்தப் பட்டியலிலேயே இல்லை. பல வீடுகளில் ஒரு புதுப் பிளக்கோ, சரியான ஒரு கேபிளோதான் 3 மணி நேரத்தை 18 நிமிடமாக்கும்.